எமிலி டிக்கின்சன்: கையால் தைத்த கவிதைகளும் அவற்றைத் திருத்திய கைகளும்

எமிலி டிக்கின்சனைப் பற்றி இரண்டு கேள்விகள். வாழ்வின் பிற்பகுதியில் வீட்டு வாசலைத் தாண்டாமல் வாழ்ந்தவர், உயிரோடு இருந்தவரை ஏறத்தாழ பத்துக் கவிதைகளே அச்சேறிய ஒருவர், வால்ட் விட்மனோடு சேர்த்து அமெரிக்கக் கவிதையின் தொடக்கமாக எப்படி மதிக்கப்படுகிறார் என்பது ஒன்று. கடையில் கிடைக்கும் பல தொகுப்புகளில் எதை வாங்குவது என்பது மற்றொன்று. இரண்டாவது சில்லறைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும். டிக்கின்சனின் இலக்கிய வாழ்வில் பாதி அவர் இறந்த பிறகு, பிறருடைய மேசையில் நடந்தது.

1830 டிசம்பர் 10ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆமர்ஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊரில் பெரிய குடும்பம். ஆமர்ஸ்ட் கல்லூரியைத் தொடங்கியவர்களில் தாத்தாவும் ஒருவர். தந்தை எட்வர்ட் வழக்கறிஞர், அக்கல்லூரியின் பொருளாளர், ஒரு தவணை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அண்ணன் ஆஸ்டின், தங்கை லவினியா. எமிலி நன்றாகப் படித்தவர். பதின்ம வயதில் 424 தாவரங்களைப் பறித்து, உலர்த்தி, பெயர் எழுதி ஒட்டிய ஆல்பம் இன்றும் ஹார்வர்டில் இருக்கிறது. 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே மாணவிகளை மத நம்பிக்கையை அறிவித்தவர்கள், நம்பிக்கை தருபவர்கள், நம்பிக்கைக்கு இடமில்லாதவர்கள் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எமிலி மூன்றாவது வகை. ஒரு கல்வியாண்டோடு வீடு திரும்பினார். ஊரே மத எழுச்சியில் மூழ்கி, குடும்பத்தினர் ஒவ்வொருவராகத் திருச்சபையில் சேர்ந்தபோதும் அவர் கடைசிவரை சேரவில்லை. விவிலியத்தை மட்டும் வரிவரியாக அறிந்திருந்தார்.

இனி அந்தப் பிரபலமான கதைக்கு வருவோம். வெள்ளை உடை மட்டுமே அணிவார், விருந்தினர் வந்தால் அறைக்குள் ஒளிந்துகொள்வார், காதல் தோல்வியால் உலகைத் துறந்தார் என்பது கதை. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. நாற்பதை நெருங்கும்போது, தந்தையின் நிலத்தைத் தாண்டி எந்த வீட்டுக்கும் ஊருக்கும் போவதில்லை என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வெள்ளை உடை மணப்பெண் கோலமோ துறவுக் கோலமோ கிடையாது. எஞ்சியிருக்கும் ஒரே உடையைப் பார்த்தால், அக்காலப் பெண்கள் வீட்டு வேலையின்போது அணிந்த சாதாரண உடை என்று தெரிகிறது. கறை பட்டால் வெளுத்துவிடலாம், பையும் உண்டு. அவர் வேலை செய்தார். ரொட்டி சுட்டார். 1856இல் ஊர்க் கண்காட்சியில் அவருடைய ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நோயுற்றுப் படுத்த தாயைத் தங்கையோடு சேர்ந்து பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. உலகத்தோடு இத்தனை கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரைத் துறவி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. யாரை, எப்போது, எவ்வளவு நேரம் சந்திப்பது என்ற முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மணமான பெண் ஆண்டுக்கொரு பிரசவமும் அன்றாட விருந்துபசாரமுமாகத் தேய்ந்துபோன காலத்தில், எழுத நினைத்தவருக்கு அது விவேகமான ஏற்பாடு.

1858 வாக்கில் அவர் தொடங்கிய வேலையை உற்றுப் பார்த்தால் கதை இன்னும் மாறும். கடையில் மடித்தே விற்கும் கடிதத்தாள்களில் முடிந்த கவிதைகளை மையால் படியெடுப்பார். நான்கைந்து தாள்கள் சேர்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு துளையிட்டு, நூலால் கட்டுவார். இப்படி 1864 வரையில் 40 சிறு புத்தகங்கள், அவற்றில் 800க்கும் மேற்பட்ட கவிதைகள். மொத்தம் அவர் எழுதியவை ஏறத்தாழ 1,800. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 1861 முதல் 1865 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் எழுதப்பட்டவை என்று கையெழுத்தின் மாற்றங்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். அவை உள்நாட்டுப் போர் ஆண்டுகள். கல்லூரித் தலைவரின் மகன் 1862 மார்ச்சில் போரில் கொல்லப்பட்ட செய்தி அவர் வீட்டையே உலுக்கியது. காயமடைந்த வீரர்களுக்காக நிதி திரட்டிய புரூக்ளின் பத்திரிகை ஒன்றில் 1864இல் அவருடைய மூன்று கவிதைகள் பெயரில்லாமல் வந்தன. போரைப் பற்றி எழுதவே இல்லை என்று அவரைக் குறை சொல்பவர்கள், பெருவலிக்குப் பிறகு வரும் ஒருவித மரத்த ஒழுங்கைப் பற்றிய அவருடைய கவிதை எந்த ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

எழுதியதைப் பெட்டியில் பூட்டிவைத்து யாருக்கும் காட்டாமல் செத்துப்போனார் என்பதும் சரியில்லை. அண்ணன் மனைவி சூசன் பக்கத்து வீட்டில் இருந்தார். இளவயதிலிருந்தே நெருங்கிய தோழி. அவருக்கு மட்டும் 250க்கும் மேற்பட்ட கவிதைகள் போயிருக்கின்றன. உறவினருக்கும் நண்பருக்கும் கடிதத்துக்குள், பூங்கொத்துக்குள், கேக்கோடு சேர்த்து என்று நூற்றுக்கணக்கில் அனுப்பினார். கையால் படியெடுத்து, தேர்ந்த வாசகருக்கு அனுப்பும் இந்த ஏற்பாடே அவருடைய வெளியீட்டு முறை. அச்சு வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணமும் இருந்தது.

1862 ஏப்ரல் 15ஆம் தேதி தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற விமர்சகருக்கு நான்கு கவிதைகளோடு ஒரு கடிதம் அனுப்பினார். இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்லி ஹிக்கின்சன் ‘அட்லாண்டிக்’ மாத இதழில் எழுதிய கட்டுரை அப்போதுதான் வந்திருந்தது. என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல உங்களுக்கு அவகாசம் உண்டா என்பதுதான் கடிதத்தின் முதல் கேள்வி. கையெழுத்து இல்லை. பெயரைத் தனிச்சீட்டில் எழுதி உள்ளே ஒரு சிறு உறையில் வைத்திருந்தார். ஹிக்கின்சன் நல்ல மனிதர். அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர், விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். கவிதையில் மட்டும் துணிச்சல் போதவில்லை. யாப்பு தடுமாறுகிறது, இப்போது வெளியிட வேண்டாம் என்ற பொருள்பட எழுதினார். எமிலி மிகப் பணிவாக நன்றி சொன்னார், தன்னை அவருடைய மாணவி என்றார், ஆனால் அவர் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. புகைப்படம் கேட்டதற்கு, படம் இல்லை, நான் ரென் என்னும் குட்டிக் குருவி அளவு சிறியவள், கண்கள் விருந்தாளி கோப்பையில் மிச்சம் வைத்த ஷெரி மதுவின் நிறம் என்று பதில் வந்தது. 1870 ஆகஸ்டில் ஹிக்கின்சன் ஆமர்ஸ்டுக்கு நேரில் போனார். இரண்டு லில்லிப் பூக்களை அவர் கையில் கொடுத்து, இவையே என் அறிமுகம் என்றார் எமிலி. படித்ததும் உச்சந்தலை பெயர்த்தெடுக்கப்பட்டதுபோல் உடம்பில் உணர்ந்தால் அதுதான் கவிதை என்று அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். என் நரம்புச் சக்தியை இப்படி உறிஞ்சிய இன்னொருவரோடு நான் இருந்ததே இல்லை என்று ஹிக்கின்சன் மனைவிக்கு எழுதினார். பக்கத்திலேயே வசிக்காதது நல்லதாயிற்று என்றும் சேர்த்துக்கொண்டார்.

அச்சுக்குப் போன சில கவிதைகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1861இல் ‘ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிகன்’ நாளிதழ், காய்ச்சாத மதுவைச் சுவைத்த கவிதையை வெளியிட்டது. அவர் இரண்டாம் அடியை ‘பேர்ல்’ என்றும் நான்காம் அடியை ‘ஆல்கஹால்’ என்றும் முடித்திருந்தார். கடைசி ஒலி மட்டும் உரசிக்கொண்டு போகும் அரைகுறை இயைபு. பத்திரிகையில் அது ‘பேர்ல்’, ‘வேர்ல்’ என்று பிசிறில்லாமல் மாறியிருந்தது. கவிதையிலிருந்த குறும்பு போய்விட்டது. 1866இல் அதே நாளிதழ் புல்லுக்குள் போகும் ஒரு ‘ஒல்லியான ஆசாமி’யைப் பற்றிய கவிதையை வெளியிட்டபோது ‘பாம்பு’ என்று தலைப்புப் போட்டது. அந்தக் கவிதை முழுவதிலும் பாம்பு என்ற சொல் வராது, வராமல் இருப்பதுதான் அதன் உயிர். போதாக்குறைக்கு மூன்றாம் அடியின் இறுதியில் ஒரு நிறுத்தக்குறி. மூன்றாவதும் நான்காவதும் ஒரே வாக்கியம், அதைக் குறியிட்டு உடைத்துவிட்டார்கள் என்று எமிலி ஹிக்கின்சனிடம் முறையிட்டார். ஒரு குறிக்காக வருந்தும் கவிஞரை அச்சைக் கண்டு அஞ்சிய பேதை என்று எப்படிச் சொல்வது? வெளியிடுவது என்பது மனித மனத்தை ஏலம் விடுவது என்று தொடங்கும் கவிதையும் அவருடையதுதான்.

அவருடைய யாப்பு பார்வைக்கு எளிது. தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாடும் துதிப்பாடலின் அளவு: எட்டசை ஓரடி, ஆறசை ஓரடி, மறுபடி எட்டு, ஆறு. நம்பிக்கையைப் பாடுவதற்கென்று பழக்கப்பட்ட அந்த மெட்டில் சந்தேகத்தையும் சாவையும் ஏற்றினார். இயைபை வேண்டுமென்றே வழுக்கவிட்டார். முற்றுப்புள்ளி, காற்புள்ளி வரவேண்டிய இடங்களில் கோடுகளைப் போட்டு மூச்சை நிறுத்தினார். சாகும் அறையில் ஈ ஒன்று ரீங்கரிக்கும் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி நிற்பவர்கள் அழுது முடித்துவிட்டார்கள், கண்கள் வறண்டுவிட்டன, ‘அரசர்’ வரப்போகிறார் என்று காத்திருக்கிறார்கள். உயில் கையெழுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் கடவுள் வரவேண்டிய இடத்துக்கு ஓர் ஈ வருகிறது. வெளிச்சத்துக்கும் எனக்கும் நடுவே நீலமாக, தடுமாறிக்கொண்டு. பிறகு ஜன்னல்கள் மங்கின, பிறகு பார்ப்பதற்கே பார்வை இல்லை. கோட்டோடு நின்றுவிடுகிறது. சொர்க்கம் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல் கிடையாது.

1874இல் தந்தை, 1882இல் தாய், 1883இல் அண்ணனின் செல்ல மகன் கில்பர்ட், அடுத்த ஆண்டு பிற்காலத்தில் அவர் விரும்பிய நீதிபதி ஓட்டிஸ் லார்டு என்று சாவுகள் அடுக்கடுக்காக வந்தன. 1886 மே 15ஆம் தேதி, 55ஆம் வயதில் எமிலி இறந்தார். அவர் விரும்பியபடி, அந்த வீட்டு நிலத்தில் வேலை செய்த ஆறு ஐரிஷ் தொழிலாளர்கள் வெள்ளைச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாகப் போகாமல் வயல் வழியாகப் போனார்கள்.

கடிதங்களை எரித்துவிடு என்பது தங்கைக்கு அவர் சொல்லியிருந்தது. லவினியா எரித்தார். கவிதைகளைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடைத்தவற்றை எப்படியாவது அச்சேற்றுவது என்று லவினியா கிளம்பினார். முதலில் சூசனிடம் கொடுத்தார், வேலை நகரவில்லை. பிறகு கல்லூரியின் வானியல் பேராசிரியரின் மனைவி மேபல் லூமிஸ் டாடிடம் போனார். இந்த மேபல், அண்ணன் ஆஸ்டினின் காதலி. ஊருக்கே தெரிந்த உறவு. அதாவது, ஒரே கவிஞரின் தாள்கள் மனைவியின் கையில் ஒரு பகுதியும் காதலியின் கையில் ஒரு பகுதியுமாகப் பிரிந்தன. அடுத்த எழுபது ஆண்டுப் பதிப்பு வரலாறு இந்தக் குடும்பச் சண்டையின் வரலாறு. கைத்தையல் புத்தகங்களின் நூல்கள் வெட்டப்பட்டன. சூசனைப் போற்றும் ஒரு கவிதை அந்தப் புத்தகத்திலேயே மையால் அடித்து அழிக்கப்பட்டிருக்கிறது.

மேபலும் ஹிக்கின்சனும் சேர்ந்து 115 கவிதைகளை 1890 நவம்பரில் பாஸ்டனிலிருந்து வெளியிட்டார்கள். பதிப்பகத்துக்கு நம்பிக்கையே இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் 11 அச்சுகள் போயின. எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. எங்கோ நியூ இங்கிலாந்துக் கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்த அரைப்படிப்புக் கனவுக்காரர் இலக்கணத்தையும் புவியீர்ப்பையும் மீறிவிட்டுத் தப்ப முடியாது என்று எழுத்தாளர் தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச் 1892இல் ‘அட்லாண்டிக்’கில் எழுதினார். ஆல்ட்ரிச்சை இன்று இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம்.

வெற்றியின் விலையையும் சொல்ல வேண்டும். மரணம் வண்டியோட்டி வரும் புகழ்பெற்ற கவிதை அதில் ‘ரதம்’ என்ற தலைப்போடு வந்தது. தலைப்பு எமிலியுடையது இல்லை. மரணத்துக்காக நிற்க எனக்கு நேரமில்லை, அவனே அன்போடு எனக்காக நின்றான் என்று தொடங்கி, பள்ளிக்கூடம், கதிர் முற்றிய வயல், மறையும் சூரியன் என்று வண்டி ஒவ்வொன்றாகக் கடக்கிறது. கையெழுத்துப் பிரதியில் அடுத்த பத்தி ஒரு திடுக்கிடலோடு தொடங்கும்: இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்து போனது. பனி இறங்குகிறது, குளிர் நடுக்குகிறது, உடுத்தியிருப்பதோ மெல்லிய துணி. அதுவரை உல்லாசப் பயணமாக இருந்தது, அந்த நொடியில் எங்கே போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. 1890 பதிப்பில் இந்தப் பத்தியே இல்லை. பள்ளிக் குழந்தைகள் விளையாட்டு நேரத்திலும் வட்டமாக நின்று மல்லுக்கட்டுவதாக அவர் எழுதியது, பாடம் முடிந்தும் முடியாமலும் விளையாடுவதாகத் திருத்தப்பட்டது. ஒரே சொல்லைத் திரும்ப வைத்து முடித்திருந்த இயைபும் ‘சரி’ செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் படித்து ரசித்தது இந்தத் திருத்திய கவிதையைத்தான்.

ஆனாலும் மேபலைத் திட்டித் தீர்ப்பது நியாயமாகாது. அந்தக் கையெழுத்தைப் படிப்பதே பெரும்பாடு. அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து படியெடுக்காவிட்டால் நமக்கு எதுவும் வந்து சேர்ந்திருக்காது. 1895இல் ஆஸ்டின் இறந்ததும் அவர் டாட் குடும்பத்துக்குக் கொடுக்க நினைத்த ஒரு துண்டு நிலத்துக்காக வழக்கு நடந்தது. லவினியா 1898இல் ஜெயித்தார். மேபல் தன்னிடமிருந்த நூற்றுக்கணக்கான கவிதைகளைக் கற்பூரமரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார், 30 ஆண்டுகள் திறக்கவே இல்லை. இந்தப் பக்கம் சூசனின் மகள் மார்த்தா 1914 முதல் தன் பங்கை வெளியிட்டார். அந்தப் பக்கம் மேபலின் மகள் மில்லிசென்ட் 1945இல் தன் பங்கை வெளியிட்டார். சண்டை இரண்டாம் தலைமுறைக்கும் போனது. இன்றும் பிரதிகள் ஒரே கூரையின்கீழ் இல்லை. ஒரு பகுதி ஹார்வர்டில், மறு பகுதி ஆமர்ஸ்ட் கல்லூரியில்.

1955இல்தான் ஆய்வாளர் தாமஸ் ஜான்சன் 1,775 கவிதைகளையும் கோடுகளோடும், நினைத்த இடத்தில் வரும் பெரிய எழுத்துகளோடும், திருத்தாமல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எமிலி இறந்து 69 ஆண்டுகளுக்குப் பிறகு. அடுத்து ரால்ஃப் ஃபிராங்க்ளின், தாளில் இருந்த ஊசித் துளைகள், கறைகள், தாளின் முத்திரைகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, பிரிந்துகிடந்த 40 புத்தகங்களையும் பழைய வரிசையில் மீட்டெடுத்து 1981இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். 1998இல் அவருடைய ஆய்வுப் பதிப்பில் எண்ணிக்கை 1,789 ஆனது.

நிழற்படங்கள் வந்தபின் இன்னொன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. பல கவிதைகளில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் சிறு கூட்டல் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் அதே குறியோடு மாற்றுச் சொற்கள், சில வேளை மூன்று, நான்கு. நாம் பாடபேதம் என்று சொல்வது பொதுவாகப் படியெடுத்தவர்களின் கையில் உண்டாவது. இவரோ தன் பாடபேதங்களைத் தானே எழுதிவைத்து, எது இறுதி என்று சொல்லாமலே விட்டுவிட்டார். பிற்காலத்தில் புத்தகம் தைப்பதையும் நிறுத்தி, கையில் கிடைத்த தாளில் எழுதினார். தேங்காய்க் கேக் செய்முறையின் பின்புறம் ஒரு கவிதை, சாக்லேட் உறையில் ஒன்று. நம்பிக்கை தன் வீட்டைக் கட்டும் விதம் பற்றிய கவிதையைக் கூரை வடிவில் முக்கோணமாக விரிந்த தபால் உறையின் மடிப்பில் எழுதியிருக்கிறார். தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவருடைய தாக்கத்தைப் பெயர்ப்பட்டியலாகச் சொல்வதில் பயனில்லை. கவிஞர் பால் செலான் அவரை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். ஏரன் கோப்லாண்ட் 1950இல் பன்னிரண்டு கவிதைகளுக்கு இசையமைத்தார். கவிஞர் ஏட்ரியன் ரிச் 1975இல் எழுதிய கட்டுரை, பரிதாபத்துக்குரிய தனிமைப் பெண் என்ற பிம்பத்தை உடைத்து, தன் ஆற்றலை அறிந்து அதற்கேற்ற சூழலைத் தானே அமைத்துக்கொண்டவராக அவரைக் காட்டியது. இன்னொரு கவிஞர் சூசன் ஹவ் 1985இல் எழுதிய நூல் கையெழுத்துப் பிரதிகளைக் கவிஞரின் கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதைவிடப் பெரிது, சொல்லாமல் விட்டதைக் கவிதைக்குள் வைத்துப் பேசும் துணிச்சல். விட்மன் அடியை நீட்டி நீட்டி உலகத்தையே உள்ளே கொண்டுவந்தார். இவர் வெட்டி வெட்டி, இரண்டு சொல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வாசகரை நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் சிக்கனமான கவிதைக்கு அவர் எவ்வளவு நெருக்கமானவர் என்பது ஜான்சன் பதிப்புக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது.

இனி எதை வாங்குவது? மலிவு விலை மறுபதிப்புகளும் இலவச மின்நூல்களும் பெரும்பாலும் 1890களின் பாடத்தையே தருகின்றன, உரிமை காலாவதியானது அதுதான் என்பதால். கவிதைகளுக்குத் தலைப்பு இருந்தால், ‘வாழ்வு’, ‘இயற்கை’, ‘காதல்’ என்று பிரித்திருந்தால், தயங்காமல் கீழே வைத்துவிடுங்கள். வண்டிக் கவிதையில் ஆறு பத்திகள் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். முதன்முறை படிப்பவருக்கு ஃபிராங்க்ளினின் 1999ஆம் ஆண்டு ஒற்றைத் தொகுதிப் பதிப்பு போதும். கிடைக்காவிட்டால் ஜான்சனின் ஒற்றைத் தொகுதி. பிடித்துப்போய்விட்டால் கிறிஸ்டேன் மில்லரின் 2016 பதிப்பை வாங்கலாம். தைத்த புத்தகங்களின் வரிசையிலேயே கவிதைகளும், ஓரத்தில் மாற்றுச் சொற்களும் அதில் இருக்கின்றன. 2013 முதல் கையெழுத்துப் பிரதிகளின் படங்களை எமிலி டிக்கின்சன் ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். தொடக்கத்தில் இருப்பது காதலர் தின வேடிக்கைச் செய்யுள், அங்கேயே அலுத்துவிடும். 1862, 1863 என்று தேதியிட்டவற்றிலிருந்து தொடங்கி, ஓர் அமர்வுக்கு மூன்று நான்கு கவிதைகளோடு நிறுத்துங்கள். முதலில் வாய்விட்டு, கோடு வரும் இடமெல்லாம் நின்று படிக்க வேண்டும். பொருள் இரண்டாம் வாசிப்பில் வரட்டும்.